காப்பும் மாத்திரையும்

எனக்கு வலிப்பு உண்டு. இதை இப்படி ஒரே வரியில் சொல்ல எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. இப்போது யாராவது கேட்டால், சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுவேன். கேட்டவர்தான் பாவம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழிப்பார். முழிக்கட்டும். நான் முழித்த முழி போதாதா?

ஆனால் வெளியே சொல்ல முடியாமல் இருந்த அந்த ஓசூர்க் காலத்தைத்தான் மனசு இப்போது தேடுகிறது. அதுதான் வேடிக்கை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாகலூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பெண்கள் விடுதி. எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. உள்ளங்கை அகலப் பச்சைப் போர்டில் இரண்டு ஊசிமுனைகளை வைத்து, கரண்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் பச்சை விளக்கு எரியும். பாயக் கூடாத இடத்தில் பாய்ந்தால் சிவப்பு விளக்கு. நாள் முழுக்க இதுதான். தூங்கும்போதும் கண்ணுக்குள் பச்சையும் சிவப்பும் மாறி மாறி எரியும்.

காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். மார்கழியில் ஓசூர்க் குளிர் என்றால் சும்மா இல்லை. ஸ்வெட்டர், அதன் மேல் துப்பட்டா, காதைச் சுற்றி மஃப்ளர், அப்படியும் பல் தந்தியடிக்கும். டிரைவர் கன்னடப் பாட்டு போடுவார். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் அத்தனை பாட்டும் மனப்பாடம். இன்றைக்கும் எங்காவது டீக்கடையில் அதில் ஒன்று காதில் விழுந்தால் அப்படியே நின்றுவிடுவேன்.

அறையில் மூன்று பேர். ஒருத்தி திருநெல்வேலிப் பக்கம். மாதாவுக்கு நேர்ந்து பிறந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். தலைமாட்டில் ஜெபமாலை தொங்கும். இன்னொருத்தி இங்கேயே பேரிகைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். நான் மத்தூர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பீரோ, ஒரே ஒரு கண்ணாடி. காலையில் அந்தக் கண்ணாடிக்கு நடக்கிற சண்டையைப் பார்த்தால், இவர்கள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்கவே மாட்டார்கள் என்று தோன்றும். பஸ் ஏறியதும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவோம்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில் 'வலிப்பு உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். பதிமூன்று வயதிலிருந்து வருஷத்துக்கு மூன்று முறையோ நாலு முறையோ வரும். அதை மறைத்து மறைத்து அந்தக் கலையில் தேறியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் முழுக்க நைட் ஷிப்ட், சரியாகத் தூங்கவில்லை. பக்கெட்டிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்துப் பிழிந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வானம்தான். கண்ணைத் திறந்தால் விடுதியே என்னைச் சுற்றி நிற்கிறது. என் இரண்டு கையிலும் சாவிகள். அறைச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவி, யாருடைய சூட்கேஸ் சாவியோ. கை கொள்ளாததை மடியில் வேறு போட்டிருக்கிறார்கள். அது போதாது என்று வார்டனம்மா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடு என்பது எங்கள் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, திருநெல்வேலியும் அப்படியே, பேரிகையும் அப்படியே. டிவி வேண்டுமா தூக்கம் வேண்டுமா என்று தினமும் அடித்துக்கொள்கிற முப்பது பெண்களும் இந்த ஒன்றில் ஒற்றுமை. எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது. அந்தக் கடப்பாரையைப் பார்த்ததும் சிரிப்பும் முட்டியது. இரண்டும் சேர்ந்து வந்ததில் பேரிகைக்காரி பயந்துபோய், "அய்யய்யோ, மறுபடியும் வருது" என்று இன்னொரு சாவிக்கு ஓடினாள்.

திருநெல்வேலிக்காரி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இது எத்தன வருசமா இருக்கு?"

"பதிமூணு வயசுலேருந்து."

"டாக்டர்ட்ட போனியா?"

"தாயத்து கட்டியிருக்குது."

"தாயத்து கெட்டட்டும். நான் டாக்டர்ட்ட போனியான்னு கேட்டேன்."

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று எல்லோர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினேன். முப்பது பெண்கள் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? காப்பாற்றினார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அந்த வாரமே திருநெல்வேலிக்காரி என்னை ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். நான் தினமும் போர்டுக்குச் செய்கிற வேலையை யாரோ எனக்குச் செய்கிறார்கள் என்று தோன்றியது. காகிதத்தில் கோடு கோடாக வந்ததை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடத்துல கரண்ட் திடீர்னு தாறுமாறாப் பாயுது. அவ்வளவுதாம்மா விஷயம். பேயும் இல்ல, சாபமும் இல்ல. மாத்திரை போட்டா அடங்கிரும். ஆனா ஒரு வேளைகூட விடக் கூடாது. பட்டினி கெடக்கக் கூடாது, தூக்கம் முழிக்கக் கூடாது."

நான் அங்கேயே அழுதேன். நோய் என்பதற்காக அல்ல. நோய் மட்டும்தானா என்பதற்காக. போன பிறவியில் என்னவோ பெரிய பாவம் செய்தவள் என்று ஒன்பது வருஷமாக நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேனே!

தூக்கம் கெடக் கூடாது என்று மட்டும் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். சூப்பர்வைசர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்.

அதன் பிறகு என் மாத்திரைக்கு நேரம் காட்டியது கடிகாரம் அல்ல, ஜெபமாலை. காலையிலும் சாயங்காலமும் அவள் கண்ணை மூடி முணுமுணுப்பாள். கடைசி மணி உருண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, அதே கையால் அட்டையைக் கிழித்து மாத்திரையை என் வாயில் போடுவாள். பேரிகைக்காரி தண்ணீர் சொம்போடு தயாராக நிற்பாள். "மாதா பாதி, மாத்திரை பாதி" என்பாள் திருநெல்வேலிக்காரி. எனக்கு அந்தக் கணக்கில் குறையொன்றும் தெரியவில்லை. இப்போது அவள் துபாயில் இருக்கிறாள். இன்றைக்கும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மாதா படம் வரும், கீழே 'போட்டியா?' என்று ஒரு கேள்வி. போட்டேன் என்று பதில் அனுப்பாவிட்டால் போன் வரும்.

நிஜமாகவே அடங்கியது. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். ஒரு முறைகூட வரவில்லை.

கம்பெனியை விட்டால் மறைக்க வேண்டியிருந்தது ஒருவரிடம்தான், அப்பாவிடம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். மத்தூரில் அப்பாவும் நானும்தான். தலைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்கள், எந்த மாப்பிள்ளையும் படியேற மாட்டான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைவிட, அப்பா இதை நம்பமாட்டார். எனக்கு வந்தது வியாதி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மாதம் ஒரு முறை ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை நாப்கின் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போவேன். அப்பா என் பை முழுவதையும் கிளறினாலும் அதை மட்டும் தொடமாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அப்பா அப்படி இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சாமி உண்டு. அது என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கும் இதே வலிப்பு. பதினேழு வயதில், தண்ணீர் சேந்தப் போன இடத்தில் வலிப்பு வந்து கிணற்றில் விழுந்து போய்விட்டாள். நான் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னால். கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டு தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள், பூவாடைக்காரி என்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அவளுக்குப் புதுப் பாவாடை எடுத்து வைத்துப் படைப்பார். பாவாடையின் நிறத்தைக் கடையில் அரைமணி நேரம் நின்று பொறுக்குவார். கேட்டால், "அவளுக்கு ஊதான்னா உசுரு" என்பார். யாராவது அந்தச் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர் அம்மனைச் சொல்லி அவரிடம் ஒரே பதில்தான்: "அவள ஆத்தா ஆசப்பட்டு எடுத்துக்கிட்டா." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் அத்தனை வருஷம் நடமாடினார்.

ஒரு நாள் மதியம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன்.

"பாப்பா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. வருசம் ஒண்ணாச்சு, ஒரு தடவகூட வரல. உங்கிட்ட சொல்லாமலே நேந்துகிட்டேன். வர்ற கோயில் நோம்பிக்கு நீ காப்பு கட்டி தீ மிதிக்கணும்."

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல?

காப்புக் கட்டு என்றால் ஒன்பது நாள் விரதம். மஞ்சள் துணியில் முடிந்த காப்பை மணிக்கட்டில் கட்டிவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கூடாது. மருந்து மாத்திரை தொடவே கூடாது. உடம்பு அந்த ஒன்பது நாளும் ஆத்தாளுடையது, அவளே பார்த்துக்கொள்வாள் என்பது எங்கள் வீட்டு முறை. இதைச் சொன்னதும் திருநெல்வேலிக்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

"தீயில நட, வேண்டாங்கல. எங்கூர்லயும் கோயிலச் சுத்தி முட்டி போட்டு நடக்காவ. ஆனா மாத்திரைய விட்டே, கொன்னே போடுவேன் பாத்துக்கோ. நடுத்தீயில வந்து விழுந்தா என்னட்டி செய்வே?"

பேரிகைக்காரி அட்டைகளை எண்ணி நாப்கின் பாக்கெட்டில் அடுக்கி, என் பையின் அடியில் வைத்தாள்.

மறைவாகப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. காப்புக் கட்டிய மறுநாள் காலை, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாத்திரையைக் கையில் எடுத்தேன். அந்தக் கையில் மஞ்சள் காப்பு. எடுத்த கை வாய்வரை வரவில்லை. ஒருவேளை அப்பா சொல்வதுதான் நிஜமாக இருந்தால்? ஒருவேளை இத்தனை நாள் காப்பாற்றியது ஆத்தாளாகவே இருந்து, இப்போது நான் திருட்டுத்தனம் செய்து அவளைச் சீண்டினால்? போர்டு டெஸ்ட் செய்கிறவள், தன் தலைக்குள் கரண்ட் ஓடுவதைக் காகிதத்தில் கண்ணால் பார்த்தவள், அடுத்தவளுக்கு என்றால் மேடை போட்டுப் பேசுவாள். தனக்கு என்று வந்தபோது குளியலறையில் நின்று நடுங்கினாள். மாத்திரையைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் அந்த நடுக்கம்கூட இல்லை. ஒரு வருஷமாக வரவில்லையே, இனிமேலா வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் மதியம் வந்தது. வாசலில் விறகடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. விறகைத் தள்ளிவிடக் குனிந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விழித்தபோது வாசலில் கிடந்தேன். கையில் கதிர் அரிவாள். அதன் பிடியை என் விரல்களோடு சேர்த்து அப்பா தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய வலது கை முழங்கைவரை வெந்து தோல் உரிந்திருந்தது. அடுப்பின் மேல் சாய்ந்தவளை அந்தக் கையால்தான் இழுத்திருக்கிறார். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. அப்பா அழுதுகொண்டிருந்தார். அம்மா போனபோதுகூட அழாத மனுஷன்.

"என்னா குத்தம் பண்ணுன பாப்பா?" என்றார். "தீட்டுப் பட்டியா? கவுச்சி கிவிச்சி தொட்டியா? எதுவா இருந்தாலும் சொல்லிரு, ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கறேன்."

அந்தக் கையைப் பார்த்த பிறகு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"குத்தம் ஒண்ணும் பண்ணலப்பா. நாலு நாளா மாத்திரை போடல."

"என்னா மாத்திரை?"

தள்ளாடிக்கொண்டு உள்ளே போய் அந்த நாப்கின் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அந்த நிலைமையிலும் அப்பா அதைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அட்டைகளை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தேன். மொட்டை மாடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் காட்டிய கோடுகள், ஜெபமாலை, ஒரு வருஷம் ஏன் வரவில்லை என்பது, எல்லாம். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன். அதுதான் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்பா எழுந்துபோய், வெந்த கையாலேயே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"போடு."

"காப்பு கட்டியிருக்குதுப்பா."

"இருக்கட்டும். போடு. ஆத்தா கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்."

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய், என் காப்பை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டு வந்தார். "நேந்தது நானு. மிதிக்கறதும் நானு" என்றார். ஒன்பதாம் நாள் மிதித்தார். துணி சுற்றிய கையில் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சந்தையிலிருந்து வீடு திரும்புகிறவர் மாதிரி சாதாரணமாக நடந்து தீயைத் தாண்டினார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அவருக்காக ஆத்தாளைக் கும்பிட்டேன். அதற்கு முன் மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அடுத்த வாரம், "அந்த டாக்டரப் பாக்கணும்" என்றார். ஓசூருக்கு பஸ் ஏறினோம். தேங்காய், வெற்றிலை, பழம், ஒரு கூடை மாம்பழம், எல்லாம் கோவிலுக்குக் கொண்டுபோகிற மாதிரியே. விடுதி வாசலில் என் தோழிகள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். "சாப்ட்டியளாப்பா?" என்றாள் திருநெல்வேலிக்காரி. "நீதான் மாத்திரை குடுக்கற பொண்ணா?" என்று கேட்டு, கூடையிலேயே பெரிய பழமாகப் பார்த்து அப்பா அவளுக்குக் கொடுத்தார். பேரிகைக்காரி அதற்கு ஒரு மாதம் சண்டை பிடித்தாள்.

டாக்டர் அறை வாசலில் அப்பா செருப்பைக் கழற்றினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கூடையை மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு களிம்பு எழுதினார். அப்புறம் அப்பா கேட்டார்.

"ஐயா, இந்த மாத்திரை எத்தன வருசமா இருக்குதுங்க?"

புது மருந்து என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னார்.

"பயப்படவே வேண்டாம் பெரியவரே. இது புதுசு கிடையாது, ரொம்பப் பழைய மருந்து. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துது. உங்க கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில கேட்டா சும்மாவே குடுப்பாங்க."

"அப்பவேவா?"

"அப்பவே."

அப்பா தலையை ஆட்டினார். மறுபடியும் கும்பிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பெங்களூர், பெங்களூர் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கும்பலாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை போனபோது இருந்த வயசுப் பெண்கள். அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது.

"ஆறிப்போவுதுப்பா, குடிங்க."

அவர் குடிக்கவில்லை.

"காத்தால கெளம்பியிருந்தா மத்தியானத்துக்குள்ள கிருஷ்ணகிரி போயிருக்கலாம்" என்றார். "எங்கிட்ட அப்ப சைக்கிள் இருந்துது பாப்பா."